எட்டுப் பாட்டைக் கம்பெனிக்குக் கொடுப்பதா, நாமே வெளியிடுவதா?

கார்த்திகை மாதம் ஒரு மழை நாளில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் காவடிப் பாட்டுக் குழு ஒரு பெரிய இசைக் கம்பெனியோடு போட்ட 5 ஆண்டு ஒப்பந்தம் முடியப்போகிறது. புதுப்பித்தால் இன்னொரு 5 ஆண்டு, இன்னும் 8 பாட்டு. வேண்டாம் என்றால் அவரவர் வழி. முதல் ஒப்பந்தத்துக்காக விடியற்காலை பல்லவன் ரயிலில் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு போய், ஒரே பகலில் 12 முருகன் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, மறுநாளே காரைக்குடி திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குழுவில் 6 பேர். நான் ஆர்மோனியம். கணக்கு வழக்கும் என் பொறுப்பு. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் எங்கள் பாடகர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "கம்பெனிய விட்டுட்டா நம்மள யாரு தம்பி தேடி வருவா?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த இரண்டு வாரம் தெரிந்தவர்களிடமெல்லாம் பேசினேன். நாதஸ்வரக்காரர் ஒருவர், கோயில்களில் திருப்புகழ் பாடும் அம்மா ஒருவர், தேவகோட்டையில் ராப் பாடும் ஒரு தம்பி. மூன்று பேருக்கும் கம்பெனி மேல் மனக்குறை இருக்கிறது. ஆனால் விடச் சொன்னால் மூன்று பேருமே தயங்குகிறார்கள். இந்த இடத்தில் நிற்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன்.

விடத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "இப்போதுதான் போனிலேயே பாட்டைப் போட்டுவிடலாமே, ஏன் இன்னும் கம்பெனி?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். எங்களைப் போன்ற குழுவுக்குச் சோறு போடுவது மேடை. தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் இந்தப் பக்கம் ஊர் தவறாமல் திருவிழா. கச்சேரி பேச வருகிற விழாக் குழுவினர் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனியில பாட்டு போட்டிருக்கீங்க?" என்பதுதான். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் பேரம் வேறு தொகையில் தொடங்குகிறது. பாட்டிலிருந்து வரும் பணம் சொற்பமானாலும் அந்தப் பெயரால் மேடையில் கிடைப்பது சொற்பமில்லை. கம்பெனியை விட்டால் இது போய்விடுமே என்று அண்ணன் கவலைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்தது காகித வேலை. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி வேண்டும். பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஐபிஆர்எஸ் அமைப்பிலும், பாடகர்கள் இசாம்ரா (முன்பு இஸ்ரா) அமைப்பிலும் சேர்ந்திருந்தால்தான் அவரவர்க்கான உரிமைத் தொகை ஒழுங்காக வந்து சேரும். யாராவது பாட்டைத் திருடிப் போட்டால் புகார் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் கம்பெனியில் ஆள் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் நான் ஒருவன்தான், அதுவும் கடை சாத்திய பிறகு.

மூன்றாவது பணம். இதுதான் பெரியது. கம்பெனி கொடுக்கும் அட்வான்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புரிகிறது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முன்பணம் 1 லட்சம், வீடியோ எடுக்க 2 லட்சம். இந்த 3 லட்சமும் பாடகர் பேரில் பற்று. வரும்படியில் பாடகர் பங்கு 20 சதவீதம். பாட்டு 10 லட்சம் சம்பாதித்தால் பங்கு 2 லட்சம், ஆனால் அது கைக்கு வராது, பற்றில் கழியும். இன்னும் 1 லட்சம் பாக்கி. 15 லட்சம் வந்தால்தான் பற்று தீரும். அந்த நாளில் போட்ட 3 லட்சம் போகக் கம்பெனி கையில் 12 லட்சம் நிற்கும். பாட்டும் அவர்களுடையது.

அதே 3 லட்சத்தை நம் ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கிச் செலவு செய்தால்? மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000. 5 வருஷத்தில் அதே 10 லட்சம் வந்தால், அசலைக் கடைசிவரை அடைக்காமல் இழுத்தாலும் வட்டி 3,60,000, அசல் 3,00,000. மிச்சம் 3,40,000 நம் கையில். வினியோகச் செலவு அதில் கொஞ்சம் கழியும். பாட்டு முழுக்க நம்முடையது.

இதை ஏட்டில் எழுதிக் காட்டியபோது அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாட்டு ஓடலேன்னா?"

சரியான கேள்வி. பாட்டு ஓடாமல் மொத்தமே 50,000தான் வந்தது என்று வையுங்கள். கம்பெனிக் கணக்கில் பாக்கி பாக்கியாகவே கிடக்கும். பொதுவாக இந்த ஒப்பந்தங்களில் அட்வான்ஸ் வரும்படியில் கழிக்கப்படுமே தவிர, ஓடாத பாட்டுக்காகத் திருப்பிக் கேட்கப்படுவதில்லை. வட்டிக்குக் கொடுத்தவர் அப்படி விடுவாரா? மாதம் பிறந்தால் வாசலில் நிற்பார். நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்பதுதான் இந்த இரண்டு வழிக்கும் உள்ள பெரிய வித்தியாசம். பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் பாடகர் ஒருவர் நஷ்டத்தைக் கம்பெனி தலையில் போட நினைப்பது புத்திசாலித்தனம்தான். அதற்காக அவர் எதைக் கொடுக்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

விட்டுப் போனவர்கள் கதை

கம்பெனியை விட்டு வெளியே வந்து ஜெயித்தவர்கள் என்று அடிக்கடி சில பெயர்கள் காட்டப்படுகின்றன. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ், வார்னர் நிறுவனத்தோடு சண்டை போட்டு 1990-களில் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். தம் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை அவர் கைக்கு வர 2014 ஆகிவிட்டது. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2007-இல் விருப்பப்பட்ட விலை கொடுங்கள் என்று ஆல்பத்தை நேராகவே ரசிகர்களுக்குக் கொடுத்தது. டெய்லர் ஸ்விப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் ஒலிப்பதிவு உரிமை 2019-இல் வேறு கைக்கு விற்கப்பட, 2021 முதல் அவற்றைத் திரும்பப் பாடி வெளியிடத் தொடங்கினார். 2025-இல் பழைய பதிவுகளையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார்.

கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் இவர்கள் எல்லோருமே கம்பெனியின் பணத்திலும் விளம்பரத்திலும் உலகம் முழுக்கத் தெரிந்த பிறகு வெளியே வந்தவர்கள். ரேடியோஹெட் அதற்கு முன் ஈஎம்ஐ என்ற இசைக் கம்பெனி வழியாக 6 ஆல்பம் போட்டிருந்தது. சிங்கம்புணரி தாண்டினால் எங்கள் குழுவை எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் இந்தக் கதைகளை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று மட்டும் உண்டு. மூவரில் இருவர் வருஷக்கணக்கில் போராடியது ஒலிப்பதிவு உரிமை என்கிற அந்த ஒன்றுக்காகத்தான்.

பெரிய கம்பெனி இல்லையென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2021-இல் தமிழ்நாட்டில் சுயாதீன இசையின் பெருமையாகக் கொண்டாடப்பட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டிலிருந்து தனக்கும் அதைப் பாடிய அறிவு, தீ இருவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். ஊரே பாடிய பாட்டு அது. சின்ன நிறுவனமோ பெரிய நிறுவனமோ, ஒப்பந்தத்தையும் கணக்கையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பாட்டின் உரிமை கை மாறுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். அவர் தகப்பனார் இங்கே நடத்திய கடையிலேயே கிராமபோன் தட்டுகள் விற்றார்கள். மெய்யப்பர் படம் எடுக்கும் முன்பே சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டுத் தொழிலில் இறங்கியவர். பாரதியார் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு வணிகரிடம் இருந்தது. அதை மெய்யப்பர் விலைக்கு வாங்கினார். 1949-இல் பாரதி பாடல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியபோது பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அது பெரிய மனசு.

ஆனால் பாரதி? 1919-இல் காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரோடு படம் எடுத்துக்கொண்டாரே, தலைப்பாகையும் கையில் தடியுமாக, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர் போய்விட்டார். தம் பாட்டு இத்தனை கை மாறும், இவ்வளவு விலை போகும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

கிரயமா, ஒத்தியா

இனி எங்கள் ஒப்பந்தம். கடிதம் வந்த பிறகுதான் அதை முழுசாக உட்கார்ந்து படித்தேன், 5 வருஷம் தாமதமாக. நாங்கள் எல்லோரும் 5 வருஷம் முடிந்ததும் 12 பாட்டும் எங்களுக்குத் திரும்பி வந்துவிடும் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. 5 வருஷம் என்பது நாங்கள் வேறு யாருக்கும் பாடக்கூடாது என்ற காலம். ஒலிப்பதிவுகள் காப்புரிமை இருக்கும் காலம் முழுவதும், உலகம் முழுவதும், கம்பெனிக்கே. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து எண்ணி 60 ஆண்டு. என் பேரன் ஆர்மோனியம் வாசிக்கும் காலத்திலும் அந்தப் பாட்டு அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

இதை நம் ஊர் மொழியில் சொன்னால் உடனே விளங்கும். நாங்கள் ஒத்திக்கு விட்டிருக்கிறோம் என்று நினைத்தோம், எழுதிக் கொடுத்தது கிரயம். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பங்காளிகள் ஒத்துப்போகாமல் இடித்த வீட்டுத் தூண்கள். கிரயம் ஆன தூண் திரும்ப வளவுக்கு வருவதில்லை.

போன தை மாதம் இது நேரடியாகவே சுட்டது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி புறப்பட்டபோது நாங்களும் பாடிக்கொண்டே நடந்தோம். நத்தம் பக்கம் ஓர் இரவுத் தங்கலில், நடந்து வெடித்த பாதத்துக்கு ஒரு பெரியவர் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்ததைக் குழுவின் சின்னத் தம்பி போனில் எடுத்தான். அதற்குப் பின்னணியாக எங்கள் பாட்டையே போட்டு யூடியூபில் ஏற்றினான். சில நிமிஷத்தில் காப்புரிமைக் கோரல் வந்துவிட்டது. அந்த வீடியோவில் விளம்பர வருமானம் வந்தால் அது கம்பெனிக்கு. "அண்ணே, நம்ம பாட்டுக்கு நம்ம மேலயே கேஸ் போட்டுட்டாங்கண்ணே" என்று போனைக் கொண்டுவந்து காட்டினான். கேஸ் இல்லை, யூடியூபின் கன்டென்ட் ஐடி தானாகவே கண்டுபிடிப்பது அது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். கம்பெனிக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, ஒப்பந்தப்படி சரியே என்று பதில் வந்தது. உண்மையில் ஒப்பந்தப்படி சரிதான். அதனால்தான் அதிகம் வலித்தது.

சட்டம் நமக்குக் கொடுத்திருப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியவில்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 5 ஆண்டுக்கு மட்டும்தான். இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், பத்திரம் வேறு மாதிரிச் சொல்லாதவரை, உரிமை நம்மிடமே திரும்பும். கம்பெனி வக்கீல்களுக்கு இது நன்றாகவே தெரியும், அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களை மறக்காமல் போடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதி வாங்குவது செல்லாது. நம் குழுவில் யாராவது சொந்தமாக எழுதுகிறார்கள் என்றால் இது பெரிய பாதுகாப்பு. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து மாதிரிப் பழைய பாட்டைப் பாடினால் சொல்லுக்கு யாருக்கும் உரிமை இல்லை, நாம் பாடிப் பதிந்த அந்த ஒலிக்கு மட்டும்தான். அதைத்தான் நாங்கள் கிரயம் கொடுத்தோம்.

தனியாகப் போனால்

தனியாக வெளியிடுவது இப்போது நுட்ப அளவில் கஷ்டமில்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி வினியோக நிறுவனங்கள் பாட்டை நம்மிடம் பெற்று எல்லாத் தளங்களுக்கும் அனுப்பிவிடும், ஐஎஸ்ஆர்சி குறியும் அவர்களே கொடுப்பார்கள். கட்டண முறை வேறுபடும். டிஸ்ட்ரோகிட்டில் வருஷ சந்தா. சந்தாவை நிறுத்தினால், அதற்கென்று தனிக் கட்டணம் கட்டாத பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபி வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வருஷா வருஷம் ஞாபகமாகப் பணம் கட்ட ஆளில்லாத குழுவுக்கு இரண்டாவது முறை பொருந்தும்.

வருமானம்தான் மெதுவாக வரும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் கணக்கிலேயே சேரும். யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையும்) வேண்டும். பக்திப் பாட்டுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகை என்று வருஷா வருஷம் அதே பாட்டைத் தேடி வருவார்கள். சினிமாப் பாட்டு மாதிரி ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடாது. அப்படிப்பட்ட பாட்டை 60 வருஷத்துக்கு விற்றுவிடுவது எனக்கு இப்போது சரியாகப் படவில்லை.

ராப் பாடும் தேவகோட்டைத் தம்பிக்கு என் யோசனை வேறு. அவனுக்கு வயது இருக்கிறது, கம்ப்யூட்டரில் அவனே எல்லாம் செய்துகொள்கிறான், செலவு குறைவு. அவன் கம்பெனிப் பக்கமே இப்போது போக வேண்டாம். கூட்டம் சேர்ந்த பிறகு அவர்களே வருவார்கள், அப்போது பேரம் இவன் பக்கம் இருக்கும். நாதஸ்வரக்காரருக்கோ முகூர்த்த நாளிலேயே வருஷச் சம்பாத்தியம் வந்துவிடுகிறது. அவருக்குப் பாட்டு வெளியீடு ஊர் அறியத்தான், யாரோடு போட்டாலும் கிரயம் மட்டும் வேண்டாம் என்றேன்.

நடுவில் ஒரு வழி

எங்கள் குழுவுக்கு நான் சிபாரிசு செய்தது உரிம ஒப்பந்தம். ஒலிப்பதிவு நம் பேரில் இருக்கும். குறிப்பிட்ட வருஷத்துக்கு வெளியிடும் உரிமையை மட்டும் கம்பெனிக்கு விடுவது. அட்வான்ஸ் குறையும், சில சமயம் இருக்கவே இருக்காது. பதிவுச் செலவை நாம் போட வேண்டும். பதிலுக்குக் கம்பெனிப் பெயர் பாட்டின் மேல் இருக்கும், விழாக் குழுவினருக்குச் சொல்லிக்கொள்ளலாம், கெடு முடிந்ததும் பாட்டு வீட்டுக்கு வந்துவிடும்.

எத்தனை வருஷம்? அண்ணன் 10 என்றார். நான் 3 என்றேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார், கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளைச் சம்பளச் சீட்டு எழுதி மூன்று வருஷக் கணக்குக்குத்தான் கப்பலேற்றினார்கள். கெடு முடிந்தால் ஊருக்கு வந்து ஐந்தொகைக் கணக்குப் பார்த்து, இரு தரப்புக்கும் பிடித்திருந்தால் மறுபடி எழுதிக்கொள்வார்கள். கடல் கடந்து லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கே அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுவார்களே, அதில் வரும் இசை பாட்டு இல்லை, இசைவு. இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் சம்பந்தம். என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது, ஆங்கிலத்தில் 14 பக்கம் இருந்தது, எங்கள் 6 பேரில் ஒருவருக்கும் ஒன்பதாவது பக்கம் தெரியாது.

கம்பெனி ஒப்புக்கொள்ளுமா? எல்லாக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது. மறுத்தால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது, பேரத்துக்கு நடுவில் மனசு மாறாமல் இருக்கும். நாங்கள் பேசியது இது: உரிமம் 3 வருஷம், 8 பாட்டுக்குப் பதில் 4, எங்கள் சொந்தச் சேனலில் பாட்டைப் பயன்படுத்த அனுமதி, பழைய 12 பாட்டையும் திரும்பப் பாடிப் பதியத் தடை இல்லை என்று ஒரு வரி, கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம். கடைசி இரண்டுக்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் புதுப்பிக்கப் போவதில்லை. அந்த நான்கு பாட்டையும் மதுரையில் பதிந்து நாமே வெளியிடுவோம். அதற்காக வட்டிக்கு வாங்குவதில்லை, இந்த வருஷ மேடைப் பணத்தில் ஆளுக்கொரு பங்கு ஒதுக்குவது. அண்ணன் தன் பங்கைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "சரி தம்பி, எழுது" என்றார்.

பதில் கடிதம் போய்விட்டது. தைக்குள் அவர்களிடமிருந்து ஏதாவது வரும்.

கம்பெனி கேட்ட எட்டில் ஒன்று தாலாட்டு. பக்கத்து வீட்டு ஆச்சி பாடியதைக் கேட்டு அண்ணன் பழகியது. ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஆச்சியின் ஆயா பாடியதாம், அதற்கு முன் யார் என்று தெரியாது. அந்தப் பாட்டை நாங்கள் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆச்சி குரலிலேயே என் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது, ஆச்சி பாட்டை நிறுத்தி, "அடுப்ப அணைடி" என்கிறார், மறுபடி விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். அதை வெளியிடலாமா என்று ஆச்சியிடம் இன்னும் கேட்கவில்லை. பழனி போய் வந்ததும் கேட்க வேண்டும்.